அருட்பா–மருட்பா விவாதம்: இரு பெரியோருக்கும் இழுக்கின்றிப் பேசுவது எப்படி?

கேள்வி:
அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் வழிபாட்டுக் குழுவில் வள்ளலாரைப் பற்றிய பேச்சு ஆறுமுக நாவலரை ஏசுவதில் முடிகிறது. நாவலர் வழியினரோ பதிலுக்கு வள்ளலாரை எள்ளுகிறார்கள். இருவரையும் வணங்கும் நான், வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா (அருளால் வந்த பாடலா), மருட்பாவா (மயக்கத்தால் வந்த பாடலா) என்னும் இவ்விவாதத்தை எவ்வாறு எடுத்துரைப்பது?

மறுமொழி 1:
பூசலின் காரணத்தை முதலில் விளக்குங்கள். 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் வள்ளலாரின் பாடல்களைத் திருமுறைகளாகப் பகுத்து 'திருவருட்பா' என வெளியிட்டபோது, தேவார திருவாசகங்களுக்குரிய சிறப்புப் பெயர்களைத் தம் காலத்தவர் ஒருவரின் பாடல்களுக்குச் சூட்டலாகாது என்று நாவலர் மறுத்தார். அம்மறுப்பு சைவ மரபின் மீது அவர் கொண்ட அக்கறையிலிருந்து எழுந்தது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அவர் தரப்புக் கண்டனங்களின் நடை கடுமையானது. அதை மழுப்ப வேண்டியதில்லை. எதிர்த்தரப்பின் நடையும் ஒன்றும் குளிர்ந்ததன்று.

மறுமொழி 2:
இப்பூசல் தொடர்பான வழக்கு நடந்த மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்குள் வள்ளலார் நுழைந்ததும் நாவலரே எழுந்து நின்றார் என்னும் கதையைச் செவிவழிச் செய்தியாகவே குறிப்பிடுங்கள். ஒருவரை உயர்த்தவும் மற்றவரைத் தாழ்த்தவும் அதிகம் பயன்படுவது அக்கதைதான்.

மறுமொழி 3:
வடலூரில் 1867இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் இன்றும் அன்னம் வழங்கப்படுகிறது. நாவலரும் 1870களின் பஞ்சத்தில் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். பசித்தவருக்கு இருவரும் உணவளித்ததை எங்கள் குழுவில் எடுத்துரைத்தபோது, ஏச்சு ஓய்ந்து, பதிப்பு வரலாறு பற்றிய கேள்விகள் வரத் தொடங்கின.