பண்ணவாடி விடியல் படங்கள்: பழைய ரா கோப்பை மறுபடி திறக்கலாமா?

துறைக்கரை
மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேற்குக் கரையில் இருக்கும் பண்ணவாடிப் பரிசல் துறையிலிருந்து, கிழக்கே நாகமரைப் பக்கம் பார்த்து விடியலில் எடுத்த படங்கள். கேனான் 450டி கேமரா, 18-55 கிட் லென்ஸ், எல்லாமே சிஆர்2 கோப்பு (கேனானின் ரா கோப்பு, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பது). அலையில்லாத தண்ணீர், அதன்மேல் கொஞ்சம் மூடுபனி, தூரத்தில் மலை. திருத்தங்கள், படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமின் 2-ஆம் பதிப்புக் காலத்தவை. இப்போதைய லைட்ரூம் கிளாசிக்கில் திறந்தால் பழைய ப்ராசஸ் வெர்ஷன் (திருத்தங்களைக் கணக்கிடும் முறை) என்று குறி காட்டுகிறது. புதுப்பித்தால் வெளிச்சமும் நிறமும் மாறிவிடுகின்றன. புதுப்பிக்கலாமா, அப்படியே விடலாமா? மங்கலை நீக்கும் டீஹேஸ், புள்ளிபுள்ளியான இரைச்சலைத் துடைக்கும் ஏஐ டினாய்ஸ் எல்லாம் இதில் தேவையா?

சிஆர்2_பிரியன்
தாராளமா புதுப்பிங்க. ஆனா அந்தக் குறியை நேரா அழுத்தாதீங்க. முதல்ல விர்ச்சுவல் காப்பி (கோப்பை நகலெடுக்காம திருத்தத்தை மட்டும் தனியா வைக்கிறது) போட்டுக்கோங்க, பழைய திருத்தம் பழையபடியே நிக்கட்டும். காப்பியில எல்லாத்தையும் ரீசெட் பண்ணிட்டு முதல்லேர்ந்து தொடங்குங்க. லைட்ரூம் 2-ல இருந்த ரெக்கவரி, ஃபில் லைட், பிரைட்னஸ் மூணுமே 2012-ல லைட்ரூம் 4 வந்தப்போ போயாச்சு. அதுக்குப் பதிலா வந்த ஹைலைட்ஸ் (வெளிச்சமான பகுதிக்கு), ஷேடோஸ் (இருண்ட பகுதிக்கு) வேற கணக்குல வேலை செய்யுது. பழைய எண்ணைப் புது ஸ்லைடருக்கு மென்பொருள் உத்தேசமாத்தான் மாத்தித் தரும், அதான் படம் மாறுது.

ஒயிட் பேலன்ஸை (படத்தோட நிறச் சமநிலை) ஆட்டோவுல விடாதீங்க. விடியல் நீலத்தைப் பிழைன்னு நினைச்சு அது கழுவி விட்டுடும். சூரியன் வர்றதுக்கு முன்னாடி எடுத்ததுக்கு 5000-5500 கெல்வின் வெச்சா நீலம் நீலமாவே நிக்கும். ஹைலைட்ஸ் -50, -60 வரைக்கும் போகலாம். ஷேடோஸை +20-க்கு மேல இழுக்க வேண்டாம். அந்தக் காலத்துக் கேனான் சென்சார்ல இருட்டை ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) தூக்கினாலே கோடுகோடா இரைச்சல் எழும்பும்.

மூலப்படி
அன்றைய திருத்தத்தோடு சேர்த்துத்தான் அது அன்றைய படம். புதிதாகத் திருத்தியதைப் பழைய தேதியோடு வெளியிடுவது சரியில்லை என்பது என் கட்சி. அது ஒருபுறம் இருக்கட்டும். டீஹேஸ் பக்கமே போகாதீர்கள்.

குளிர்ந்த காற்று வெதுவெதுப்பான தண்ணீர்மேல் தங்கும்போது எழும் மூடுபனி, நீரை ஒட்டி அடர்த்தியாகவும் மேலே போகப் போக மெலிந்தும் இருக்கும். எது முன்மலை, எது பின்மலை என்று கண்ணுக்குக் காட்டுவது அந்த மெலிவுதான். டீஹேஸ் மங்கலான இடத்தைத் தேடிப்பிடித்து அங்கே மாறுபாட்டையும் நிறச்செறிவையும் ஏற்றுகிறது. +30 வைத்துப் பாருங்கள்: பின்மலை முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும், மலைவிளிம்பில் வெள்ளைக்கோடு விழும், வானத்தில் சென்சார் தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப்/16-இல் எடுத்திருந்தால் தூசி இன்னும் மோசம்.

சிஆர்2_பிரியன்
டீஹேஸ் விஷயத்துல ஒத்துக்கறேன். அந்த ஸ்லைடரை +60-க்கு ஏத்தி ஒரு நிமிஷம் தூசியைத் தேடித் துடைச்சுட்டுத் திரும்ப 0-வுக்குக் கொண்டு வந்துடுங்க. அதுக்கு மட்டும் அது நல்ல கருவி.

ஒளிமுறிவு
இருவரும் வானத்தையே பார்க்கிறீர்கள். இத்தகைய படம் கெட்டுப்போவது தண்ணீரில்தான்.

தண்ணீர் முழுக் கண்ணாடி இல்லை. பார்வை நீர்ப்பரப்போடு 5 டிகிரி சாய்வில் போனால் விழும் ஒளியில் சுமார் 58 சதவீதம் திரும்பி வரும். 10 டிகிரியில் சுமார் 35. நேர் கீழே குனிந்து பார்த்தால் வெறும் 2. ஆகவே எதிர்க்கரையை ஒட்டிய பிம்பம் வானத்தைவிடக் கொஞ்சம்தான் இருண்டிருக்கும், 5 டிகிரியில் முக்கால் ஸ்டாப், 10 டிகிரியில் ஏறக்குறைய ஒன்றரை. காலடிக்கு வர வர இருட்டு கூடிக்கொண்டே வர வேண்டும். திருத்தும்போது கீழ்ப்பாதியை மொத்தமாக வெளுத்து வானத்துக்குச் சமமாக்கினால் பார்ப்பவருக்கு என்ன தவறென்று சொல்லத் தெரியாது, ஆனால் தண்ணீர் தண்ணீராகத் தெரியாது. வானத்தைவிடப் பிம்பம் வெளிச்சமாக இருந்தால் பேச்சே இல்லை, தப்பு.

சிஆர்2_பிரியன்
அப்படின்னா மூலப்படி சார் சொல்ற "அன்றைய படம்" தப்பாச்சே! அப்போ நிறையப் பேர் லென்ஸ் முன்னாடி 3 ஸ்டாப் கிராஜுவேட்டட் என்டி ஃபில்டர் (மேல்பாதி மட்டும் இருண்ட கண்ணாடி) மாட்டித்தான் எடுத்தாங்க. பிம்பம் முக்கால் ஸ்டாப்தான் இருட்டுன்னா, வானத்தை மட்டும் 3 ஸ்டாப் அமுக்கினப்புறம் தண்ணி வானத்தைவிட ரெண்டு ஸ்டாப்புக்கு மேல வெளிச்சமா நிக்கும். அந்தப் பிழை கோப்புக்குள்ளேயே பதிவாகி இருக்கு. லீனியர் கிரேடியன்ட் மாஸ்க் (ஒரு பகுதிக்கு மட்டும், எல்லையில படிப்படியா மங்குற திருத்தம்) போட்டு மேல்பாதியை +1, கீழ்ப்பாதியை -1 பண்ணினாத்தான் கரையில நின்னு பார்த்த காட்சிக்குப் பக்கத்துல வரும். பழசு சுத்தம், புதுசு கலப்படம்னு எப்படிச் சொல்றது?

மூலப்படி
ஃபில்டர் பற்றிய வாதம் நியாயம்தான். அதைத் திருத்துவதில் மறுப்பில்லை. ஆனால் அதோடு நிற்பதில்லையே யாரும். மேல்பாதியை வெட்டித் தலைகீழாகக் கீழே ஒட்டி "கண்ணாடித் தேக்கம்" என்று போடுகிறார்கள்.

ஒளிமுறிவு
அதைக் கண்டுபிடிப்பது சுலபம். பிம்பம், கேமரா தண்ணீருக்கு அடியில் அதே அளவு ஆழத்தில் இருந்து பார்த்தால் தெரியும் காட்சி. அதனால் பிம்பத்தில் அருகிலுள்ள மரமோ பரிசலோ தூரத்து மலையைக் கூடுதலாக மறைக்கும். மலை மேலே தெரிவதைவிடக் கீழே குட்டையாகத் தெரியும். இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருந்தால் ஒட்டுவேலை.

இன்னொன்று, ஆட்டோ லெவலை நம்பாதீர்கள். கடல் என்றால் அடிவானக் கோடு உண்டு. தேக்கத்தில் தெரிவது எதிர்க்கரை. அது சாய்வாக விலகிப் போனால் படத்தில் சாய்வாகத்தான் தெரிய வேண்டும். மென்பொருள் அதை அடிவானம் என்று எண்ணி நிமிர்த்தும், உடனே தண்ணீர் ஒருபக்கமாக வழிவதுபோல் ஆகிவிடும். மலையுச்சி, மரநுனி என்று ஏதாவது ஒரு புள்ளியையும் பிம்பத்தில் அதே புள்ளியையும் கோட்டால் சேருங்கள். கேமராவை மேலும் கீழும் சாய்க்காமல் எடுத்த படத்தில் அந்தக் கோடு செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்த்து எடுத்திருந்தால் படத்தின் நடுவில் உள்ள புள்ளியை வைத்துப் பாருங்கள்.

துறைக்கரை
நடுவில் ஒரு பனைமரம் இருக்கிறது. கோடு 1.3 டிகிரி இடப்பக்கம் சாய்கிறது. ஆட்டோ எதிர்ப்பக்கம் திருப்பியிருக்கிறது!

மூலப்படி
ஏஐ டினாய்ஸ் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. முக்காலியில், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100-இல் எடுத்த படத்துக்கு அது எதற்கு? மூடுபனிக்குள் மரங்கள் அரைகுறையாகத் தெரியும் இடத்தில் அது இலைபோல ஏதோ ஒன்றை வரைந்து வைக்கிறது. மெல்லிய நீர்ச்சுருக்கங்களை இரைச்சல் என்று துடைத்தும் விடுகிறது.

சிஆர்2_பிரியன்
ஐஎஸ்ஓ 100-க்கு வேண்டாம், சரி. பரிசல் நகருதுன்னு 800, 1600-ல எடுத்ததுக்கு? 450டி-யில 1600-தான் உச்சம், வண்ணப் புள்ளி அள்ளிக் கொட்டியிருக்கும். அளவை 30-40-ல நிறுத்தி, 100 சதவீதத்துல பெரிசாக்கி மூணு இடம் பாருங்க: மூடுபனி விளிம்பு, எதிர்க்கரை மரம், காலடித் தண்ணி. மூணுல ஒண்ணு பிளாஸ்டிக் மாதிரி தெரிஞ்சாக் குறைச்சுடுங்க. இருட்டுல எழும்புற கோட்டு இரைச்சலை அது சரியா எடுக்காது, சில சமயம் கோட்டை இன்னும் தெளிவாக்கி விடும். அதுக்கு மருந்து ஷேடோஸைக் குறைக்கிறதுதான்.

ஆவணப்பெட்டி
ஜேபெக் மட்டும் மிஞ்சியிருந்தால்? ரா கோப்பு இல்லாதவர்கள்தானே அதிகம்.

ஒளிமுறிவு
ஜேபெக்கில் வண்ணத்துக்கு 8 பிட், 256 படி. விடியல் வானத்தின் மெதுவான நிறமாற்றத்தில் கொஞ்சம் இழுத்தாலும் பட்டைபட்டையாக உடையும். 16 பிட்டுக்கு மாற்றித் திருத்துங்கள். போனது திரும்பாது, மேலும் உடைவது குறையும். கடைசியில் மெல்லிய கிரெய்ன் (பொடிப்புள்ளி) சேர்த்தால் பட்டை மறையும். சூரியனைச் சுற்றிச் சிவப்பு முழுதும் நிரம்பி மஞ்சள் வளையம் விழுந்திருந்தால் ஜேபெக்கில் வழியில்லை, விட்டுவிடுங்கள்.

மூலப்படி
என் யோசனை வேறு. பழையதைத் தோண்டுவதைவிட அதே இடத்தில் நின்று இன்னொரு முறை எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் திருத்தம் பற்றிய சண்டையே வராது.

ஒளிமுறிவு
வரும். "அதே இடம்" மேட்டூரில் லேசில் கிடைக்காது.

முதலில் சூரியன். மேட்டூரின் அட்சரேகையில் அது ஜூன் கடைசியில் வடக்கிலிருந்து சுமார் 66 டிகிரியிலும் டிசம்பர் கடைசியில் 114 டிகிரியிலும் உதிக்கும். மார்ச், செப்டம்பரில் நாளுக்கு 0.4 டிகிரி நகரும். 450டி-யில் 18 மில்லிமீட்டருக்கு அது சுமார் 24 பிக்சல், சூரியனின் அகலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. ஒரு வாரம் தவறினால் சூரியன் வேறு மலைமேல் இருக்கும். டிசம்பர் கடைசியில் ஒரு வாரம் முன்பின் ஆனாலும் தெரியாது.

கோப்பில் பதிந்த நேரத்தையும் இதை வைத்தே சோதிக்கலாம். ஜனவரி நடுவில் அங்கே சூரியன் வர 6:40 தாண்டிவிடும். 6:10 என்று பதிந்த படத்தில் சூரியன் மலைக்கு மேலே நின்றால் கேமரா கடிகாரம் தவறு.

அடுத்தது நீர்மட்டம். முழுக் கொள்ளளவு 120 அடி. 80 அடிக்கு இறங்கினால் அதே பாறையில் நின்றாலும் கேமரா தண்ணீரிலிருந்து 40 அடி, அதாவது 12 மீட்டர் கூடுதல் உயரத்தில் இருக்கிறது. பார்வைச் சாய்வு மாறும், பிம்பம் இருளும், கரை விலகும். சரிந்த கரையில் இறங்கி நின்றால் பிம்பம் சரியாகும், முன்மரமும் பின்மலையும் சேரும் இடம் தப்பும்.

சிஆர்2_பிரியன்
அணை மட்டம் தினமும் பேப்பர்ல வருதே. கோப்புத் தேதியை வெச்சு அன்னிக்கு எத்தனை அடின்னு எடுத்து, அதே மட்டம் வர்ற நாளுக்குக் காத்திருக்கணும். தேதியும் மட்டமும் ஒண்ணா அமையறது அபூர்வம். ரெண்டுல ஒண்ணைத்தான் பிடிக்க முடியும்னா நான் மட்டத்தைப் பிடிப்பேன்.

மூலப்படி
நான் தேதியை. சூரியன் இல்லாத இடத்தில் சூரியன் இருந்தால் அது வேறு படம்.

ஆவணப்பெட்டி
மட்டம் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணம். தண்ணீர் நன்றாக இறங்கினால் பண்ணவாடியில் மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரியும். கரைவரை தண்ணீர் தளும்பும் படத்தில் கோபுரம் முழுசாக நிற்பதுபோல் ஒட்டிய படங்களும் சுற்றுகின்றன. அணை நிரம்பியிருந்தால் அந்தக் கோபுரம் தண்ணீருக்குள் அல்லவா இருக்கும்? கரையோரத்தைப் பாருங்கள்: மட்டம் இறங்கியிருந்தால் செடியில்லாத வெளிறிய மண்பட்டை நீளமாகத் தெரிய வேண்டும்.

துறைக்கரை
விர்ச்சுவல் காப்பி போட்டுத் தொடங்கிவிட்டேன். 5200 கெல்வின், ஹைலைட்ஸ் -55, ஷேடோஸ் +15, டீஹேஸ் 0, பனைமரத்தை வைத்து 1.3 டிகிரி. வானத்துக்கு +1 மாஸ்க் போட்டதும் எதிர்க்கரைக்கு மேலே ஒரு வெளிர்கோடு வருகிறது. மாஸ்க்கின் எல்லையை மலைக்கு மேலே ஏற்றுவதா?

சிஆர்2_பிரியன்
ஏத்தாதீங்க, மலை கருத்துடும். எல்லையை அங்கேயே வெச்சு, மேலும் கீழும் பரவுற அகலத்தை ரெண்டு மடங்காக்குங்க. அப்பவும் கோடு தெரிஞ்சா +1-ஐ +0.6 ஆக்குங்க.

மூலப்படி
படத்தின் கீழே எடுத்த தேதியோடு திருத்திய ஆண்டையும் போடுங்கள்.