கவர்னர் ஜெனரல்: ‘தலைமை ஆளுநர்’ எல்லா இடத்துக்கும் பொருந்துமா?

அன்புடையீர்,

கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் மன்னரின் பேராளராக இருக்கும் கவர்னர் ஜெனரலுக்குத் ‘தலைமை ஆளுநர்’ என்ற சொல்லையே கொள்ளலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சொல் தெளிவாகவும் எளிதாகவும் இருக்கிறது. ஆனால் இந்நாடுகளில் அப்பதவிக்கு இல்லாத ஓர் அதிகாரத்தை அது ஏற்றிச் சொல்கிறது.

இச்சொல் பொருந்தும் இடம் இந்திய வரலாறு. 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் வங்காள ஆளுநரைக் கவர்னர் ஜெனரலாக உயர்த்தியபோது, போர், உடன்படிக்கை ஆகியவற்றில் சென்னை, பம்பாய் ஆட்சிகளைக் கண்காணிக்கும் உரிமையையும் அவருக்குத் தந்தது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் அவரை இந்தியாவுக்கே கவர்னர் ஜெனரல் ஆக்கியது. ஆளுநர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு மேலே ஒருவர் இருந்தார். ஆகவே வாரன் ஹேஸ்டிங்சையும் வில்லியம் பெண்டிங்கையும் தலைமை ஆளுநர் என்பதில் பிழையே இல்லை.

ஆஸ்திரேலியாவின் அமைப்பு வேறு. அங்கே ஆறு மாநிலங்களுக்கும் ஆளுநர்கள் உண்டு. அவர்களில் ஒருவர்கூடக் கவர்னர் ஜெனரலுக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். 1986ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியச் சட்டத்துக்குப் பிறகு, மாநில ஆளுநரை மன்னர் அந்தந்த மாநில முதல்வரின் அறிவுரைப்படி நேரே அமர்த்துகிறார். பிரதமருக்கு அதில் பங்கில்லை. 1932 மே மாதத்தில் நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் ஜாக் லாங்கைப் பதவிநீக்கியவர் அம்மாநில ஆளுநர் பிலிப் கேம். 1975 நவம்பர் 11 அன்று பிரதமர் கஃப் விட்லமைப் பதவிநீக்கியவர் கவர்னர் ஜெனரல் ஜான் கெர். இருவரும் மன்னரின் பேராளர்கள். ஒருவர் செயற்பட்டது மாநில எல்லையில், மற்றவர் செயற்பட்டது கூட்டரசு எல்லையில். ஒருவரை ஆளுநர் என்றும் மற்றவரைத் தலைமை ஆளுநர் என்றும் எழுதினால், இரண்டாமவர் முதலாமவரின் மேலதிகாரி வரிசையில் வந்தவர் என்றே தமிழ் வாசகர் கொள்வார். வேறு பொருள் கொள்ள அச்சொல் இடம் தரவில்லை.

நியூசிலாந்தில் இது இன்னும் வெளிப்படை. அங்கே ஆளுநர் என்றிருந்த பதவியே 1917இல் கவர்னர் ஜெனரல் என்று பெயர் மாறியது. அவருக்குக் கீழே ஆளுநர் எவரும் இல்லாதபோது அவர் யாருக்குத் தலைமை? பப்புவா நியூ கினியில் மாகாண ஆளுநர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் தேர்தலில் வென்று வந்த அரசியல்வாதிகள். மன்னரின் பேராளர்களே அல்லர்.

இலங்கை வழக்கின் ‘ஆளுநர் நாயக’மும் இதே இடத்தில் தடுக்குகிறது. பணிப்பாளர் நாயகத்தின் (டைரக்டர் ஜெனரலின்) கீழ்ப் பணிப்பாளர்கள் இருப்பதால் அங்கே ‘நாயகம்’ இயல்பாக அமைகிறது, இங்கே அமையவில்லை. 1948 முதல் 1972 வரை இலங்கையில் இருந்த பதவிக்கு ‘மகாதேசாதிபதி’ என்ற சொல் ஊன்றிவிட்டது. அந்த வரலாற்றை எழுதும்போது அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அச்சொல்லுக்குள் ‘தேசம்’ இருப்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். எனக்கு வழிகாட்டியது அதுதான்.

‘ஜெனரல்’ என்பது இங்கே நாடு முழுமையையும் தழுவிய என்ற பொருளில் நிற்கும் அடைமொழி. எனவே ‘நாட்டாளுநர்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மாநில ஆளுநர், மாகாண ஆளுநர் ஆகியவற்றோடு இணையாக நின்று, உயர்வுதாழ்வைச் சொல்லாமல் எல்லையை மட்டும் அது சொல்கிறது. நாட்டாளுநர் மாளிகை, பொறுப்பு நாட்டாளுநர் என்று தொடர்களும் தடையின்றி அமைகின்றன.

‘நாட்டாண்மை’யை நினைவூட்டுகிறதே என்ற தயக்கம் எழலாம். சோழர் கல்வெட்டுகளில் நாடு என்பது வளநாட்டுக்கு உட்பட்ட சிறு பிரிவாக இருந்ததும் உண்மைதான். இன்றோ ‘நாட்டுப்பண்’ என்றால் எவரும் ஊரின் பாட்டாக எண்ணுவதில்லை. மன்னரின் பேராளர் என்ற பொருள் சொல்லுக்குள் இல்லையே என்பது இதைவிட வலுவான மறுப்பு. ‘முடியாளுநர்’ என்று நானும் முயன்று பார்த்தேன். ‘முடியாது’ என்ற எதிர்மறையே முதலில் காதில் விழுகிறது. ‘அரசப் பிரதிநிதி’யோ வைசிராய்க்கு உரியதாகிவிட்டது. அன்றியும், மாநில ஆளுநரும் மன்னரின் பேராளராக இருக்கும் நாட்டில் அந்த அடைமொழி இருவரையும் பிரித்துக் காட்டாது. அப்பொருளை விளக்கக் குறிப்பில் தருவதே போதும்.

இதனோடு சேர்த்துத் தீர்க்க வேண்டியது கனடா மாகாணங்களின் லெப்டினன்ட் கவர்னர். புதுச்சேரி, தில்லி வழக்கைப் பின்பற்றித் ‘துணைநிலை ஆளுநர்’ என்று எழுதுவது தவறான படத்தைத் தரும். அவரை நியமிப்பவர் நாட்டாளுநர் என்றாலும், மாகாண ஆட்சியைப் பொறுத்தவரை அவர் முடியரசையே நேரடியாகச் சார்ந்து நிற்கிறார் என்பதை, அன்று கனடாவுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1892ஆம் ஆண்டின் மாரிடைம் வங்கி வழக்கிலேயே உறுதிசெய்துவிட்டது. ‘மாகாண ஆளுநர்’ என்பதே அவருக்குப் பொருந்தும்.

ஆகவே அகராதிப் பதிவில் கவர்னர் ஜெனரலுக்கு இரு பொருள் தனித்தனியே வேண்டும்: இந்திய வரலாற்றுக்குத் தலைமை ஆளுநர், இன்றைய காமன்வெல்த் முடியரசுகளுக்கு நாட்டாளுநர். 1948 முதல் 1950 வரை அப்பதவியில் இருந்த ராஜாஜி மன்னரின் பேராளராகவும் இருந்தவர் என்பதால் இரண்டுக்கும் நடுவே நிற்கிறார். வழக்கில் நிலைத்துவிட்ட தலைமை ஆளுநரையே அவருக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உடையவர்கள் எழுத வேண்டுகிறேன்.