உப்புக்காற்று வீசும் ஊரில் பதிவேடுகளின் மின்பிரதியை எதில் வைப்பது?

கேள்வி – மண்டபம் எழுத்தர்

கடற்கரையை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் அடங்கல் (நிலம், பயிர் விவரப் பதிவேடு) முதல் பிறப்பு, இறப்புப் பதிவேடு வரை ஸ்கேன் செய்து முடிக்கும் நிலையில் இருக்கிறோம். முன்பு எழுதி வைத்த குறுந்தகடுகள் பீரோவுக்குள்ளேயே இருந்தும், சிலவற்றில் விளிம்போரம் பளபளப்புப் படலம் உதிர்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபுறம் தெரிகிறது. இப்போது எஸ்எஸ்டி (சில்லுகளில் தரவைச் சேமிக்கும் கருவி), எம்-டிஸ்க் (நெடுங்காலம் வைப்பதற்கென்றே செய்யப்படும் தகடு), காந்த நாடா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில் – ஏடு காப்பவர்

எஸ்எஸ்டி அன்றாட வேலைக்கு நல்லது. மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்தால் அதிலுள்ள மின்னூட்டம் கசிந்து தரவு அழியக்கூடும். எம்-டிஸ்கில், நாளாக மங்கக்கூடிய கரிமச் சாயம் இல்லாததால் சாதாரணத் தகட்டைவிட உறுதி அதிகம். ஆயிரம் ஆண்டு என்பது தயாரிப்பாளர் கணக்கு, அதைச் சரிபார்க்க நாம் இருக்கப்போவதில்லை. காந்த நாடாவில் எல்டிஓ என்ற வகையின் ஒன்பதாம் தலைமுறையான எல்டிஓ-9 நாடா ஒன்றில் சுருக்காமலே 18 டெராபைட் கொள்ளும். ஆனால் அந்தத் தலைமுறைக் கருவி 9, 8 ஆகிய நாடாக்களை மட்டுமே படிக்கும் என்பதால், நாடா கெடுவதற்கு முன்பே அதைப் படிக்கும் கருவி கிடைக்காமல் போகலாம். எனவே எதை வாங்கினாலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய ஊடகத்துக்கு மாற்றி எழுதுவதற்கான செலவையும் இப்போதே திட்டத்தில் சேருங்கள். நாடாவில் ஒன்றும் எம்-டிஸ்கில் ஒன்றுமாக இரு பிரதி எடுத்து, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியையே இழந்த கரை இது. ஒரு பிரதியாவது மதுரைப் பக்கம் இருக்கட்டும்.

பதில் – கீழக்கரை நிரலர்

ஸ்கேன் படங்களைவிடத் தட்டச்சு செய்த அட்டவணைகள்தாம் முதலில் கைவிடும். வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் கூளமாகத் திறக்கும். தமிழக அரசு 2010இல் ஏற்ற ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றி, எழுத்துருவையும் உள்ளடக்கும், நெடுங்காலச் சேமிப்புக்கான பிடிஎஃப்/ஏ வடிவில் சேமியுங்கள். மாற்றியபின் புல எண்ணையும் உட்பிரிவையும் ஒருவர் வாசிக்க, மற்றொருவர் மூலப் பதிவேட்டோடு ஒப்பிட்டாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. ஸ்கேன் முடிந்ததும் தாள்களைக் கழித்துவிடலாமா?

பதில் – வழக்கறிஞர், ராமநாதபுரம்

கூடாது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 7, பதிவுகளை மின்வடிவில் பேண அனுமதித்தாலும், அவை பிற்காலத்திலும் எடுத்துப் பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. தாளை அழிப்பதற்கு அதுவே உத்தரவாகிவிடாது, அதற்குரிய துறை விதிகள் தனி. நீதிமன்றத்தில் மின்பிரதியைக் காட்ட, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63இன்படி சான்றிதழ் வேண்டும். அதன் படிவத்தில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பில் சிறிது மாறினாலும் மாறிவிடும், கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) கேட்கிறார்கள். ஆகவே ஸ்கேன் செய்யும் அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்ற முறையில் ஹேஷ் மதிப்பைக் கணக்கிட்டு, தனிப் பதிவேட்டில் அலுவலர் கையொப்பத்துடன் ஏற்றி வையுங்கள்.