அடிவயிற்று வலிக்கு மஞ்சள் கிட்: எங்கே தவறுகிறது?

ஆலோசகர், வடசென்னை:
சுகவாழ்வு மையத்துக்கு (அரசின் பால்வினை நோய் சிகிச்சை மையம்) வருகிறவர்கள் முதலில் சொல்வது "வெள்ளைப்படுது, உடம்புச் சூடு" என்றுதான். இளநீர், வெந்தயம் என்று பல வாரம் ஓடியிருக்கும். கூடவே அடிவயிற்றில் வலி, உறவின்போது உள்ளே வலி, மாதவிடாய்க்கு நடுவில் ரத்தக்கசிவு என எதுவாவது இருந்தால் சூடு என்று விட்டுவிடாதீர்கள். உறவின் மூலம் தொற்றும் கிளமிடியாவோ கொனோரியாவோ கருப்பை வாயிலிருந்து மேலேறி சினைக்குழாயைத் தொட்டிருக்கலாம். இந்த இடுப்புக்குழி அழற்சிக்குத் தரும் மருந்துத் தொகுப்புதான் மஞ்சள் கிட். கிளமிடியா பெரும்பாலான பெண்களுக்கு அறிகுறியே காட்டாது.

மகப்பேறு மருத்துவர், எழும்பூர்:
மருந்துக்கு முன் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமாக வலித்தால் குழாயிலேயே கரு தங்கியிருக்கலாம். தலைசுற்றலும் சேர்ந்தால் எழும்பூர் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியோ, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியோ, நடுராத்திரி ஆனாலும் போய்விடுங்கள்.

ஸ்கேன் நார்மல் என்பதை வைத்து அழற்சி இல்லை என்று சொல்ல முடியாது. உள்பரிசோதனையில் கருப்பை வாயை அசைக்கும்போது வலிக்கிறதா என்பதே பெரிய துப்பு. வலித்தால், லேப் முடிவு வரும்வரை காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். குழாயில் விழுந்த தழும்பை எந்த மாத்திரையும் அழிக்காது. பிள்ளைப்பேறு தடைப்படுவது அதனால்தான். கடும் காய்ச்சல், நிற்காத வாந்தி, கர்ப்பம், சீழ்க்கட்டி என்றால் அட்மிஷன்தான்.

மருந்தாளுநர்:
மஞ்சள் கிட்டில் செஃபிக்ஸிம் 400 மி.கி. ஒரே வேளை. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., மெட்ரோனிடசோல் 400 மி.கி. இரண்டும் காலை, இரவு என 14 நாள். நாலைந்து நாளில் வலி விட்டதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள்; வாயில் உலோகக் கசப்பு, குமட்டல் வேறு. கிருமி முழுசாகச் செத்திருக்காது, தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

டாக்ஸியை சாப்பாட்டுக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்தே விழுங்குங்கள். போட்டதும் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். சேர்த்துப் போட்டால் டாக்ஸி உடம்பில் ஏறாது. கர்ப்பிணிக்கு இந்தக் கிட் கூடாது.

ஆலோசகர், வடசென்னை:
வீட்டுக்காரருக்கும் மருந்து வேண்டும்: சாம்பல் கிட், அஸித்ரோமைசின் 1 கிராமும் செஃபிக்ஸிம் 400 மி.கி.யும், ஒரே வேளை. "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்பார். ஆணுக்கும் அறிகுறி இல்லாமல் இருக்கும், தொற்று எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சண்டைக்கு இடமில்லாமல் இதைத்தான் சொல்ல வேண்டும். இருவருக்கும் மருந்து முடியும்வரை உறவு வேண்டாம்.

மூன்றாம் நாள் கட்டாயம் திரும்பக் காட்டுங்கள். வலி குறையவில்லை என்றால் சீழ்க்கட்டியா, குடல்வாலா என்று பார்க்க வேண்டும். நாள்பட்ட வலி என்றால் கருப்பைக் காசநோயையும் மறக்கக் கூடாது.