'பக்'கா (சாஃப்ட்வேர் பிழையா), வேணும்னே செஞ்சதா? (மைக்ரோசாஃப்டோட 56 கோடி யூரோ அபராதப் பஞ்சாயத்து)

சட்டக்கத்திரி: பக்கத்து இழையில ஒரு அறிவாளி எழுதியிருக்காரு: "ஒரு சின்ன பக்குக்கு மைக்ரோசாஃப்ட்கிட்ட 56 கோடி யூரோ கறந்தானுங்க, அமெரிக்காக்காரன் நல்லா இருந்தா ஐரோப்பாவுக்கு வயித்தெரிச்சல்." பக்காம்ல! 2007ல ஓபரா ப்ரவுசர் பண்ற நார்வே கம்பெனி ஐரோப்பிய கமிஷன்கிட்ட (ஐரோப்பிய ஒன்றியத்துல போட்டிச் சட்டத்தைப் பாத்துக்கிற அமைப்பு) புகார் குடுத்து, விண்டோஸோட சேத்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர தலையில கட்டுறாங்கன்னு கேஸ் ஓடி, 2009 டிசம்பர்ல இவங்களே "5 வருஷத்துக்கு வேற ப்ரவுசர் தேர்ந்தெடுக்கிற திரை காட்டுறோம்"னு வாக்கு குடுத்துதான் அபராதமில்லாம வெளிய வந்தாங்க. விண்டோஸ் 7க்கு வந்த சர்வீஸ் பேக் 1ங்கிற அப்டேட்ல அந்தத் திரையே காணோம். 2011 மேலேர்ந்து 2012 ஜூலை வரைக்கும். 14 மாசம்! ஒன்றரை கோடி பேருக்கு அது வரல! அதுக்குத்தான் இந்த அபராதம். 14 மாசத்துல புள்ளையே நடக்க ஆரம்பிச்சிரும்.

டெக்மாமா: அந்த அறிவாளி அடியேன்தான். கத்திரி சார், வாழ்க்கையில ஒரு நாளாவது ஜனங்க பயன்படுத்துற சிஸ்டத்துல கோடு (ப்ரோகிராம்) ஏத்தியிருக்கீங்களா? அவங்க டெக்னிக்கல் தப்புன்னு சொல்லி மன்னிப்பும் கேட்டுட்டாங்க. 2010ல அதே திரையில ப்ரவுசர் வரிசையை மாத்தி மாத்திக் காட்டுற கோடையும் சொதப்பி வச்சிருந்தாங்க, அதுல அவங்க எக்ஸ்ப்ளோரரே அடிக்கடி கடைசி இடத்துல போய் விழுந்துச்சு. அதுவும் வேணும்னேயா? தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டாங்களா?

ரைன்நதி: நான் அப்ப கொலோன்ல இருந்தேன், அந்தத் திரைய கண்ணால பாத்தவ. அஞ்சு ப்ரவுசர் லோகோ வரிசையா நிக்கும், மத்தத பாக்க ஓரமா தள்ளிப் பாக்கணும். வீட்டுக்கார பாட்டி "வைரஸ் வந்துருச்சு"ன்னு என்னைக் கூப்பிட்டு, கடைசியில நரி படம் அழகா இருக்குன்னு ஃபயர்ஃபாக்ஸ அமுக்கிட்டாங்க. போட்டிச் சட்டம் வேலை செஞ்ச விதம் அவ்ளோதான்.

சட்டக்கத்திரி: பாட்டி கதை இருக்கட்டும். 2010 மார்ச்லேர்ந்து நவம்பருக்குள்ள அந்தத் திரை வழியா 8.4 கோடி ப்ரவுசர் டவுன்லோட் ஆச்சு. அதான் உறுத்தியிருக்கு. மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், 2011 டிசம்பர்ல கமிஷனுக்கு அனுப்புன ரிப்போர்ட்ல "எல்லாம் ஒழுங்கா நடக்குது"ன்னு எழுதினாங்களே, அப்பவே திரை காணாமப் போயி 7 மாசம். ரிப்போர்ட்டையும் பக்குதான் எழுதுச்சா?

டெக்மாமா: ரிப்போர்ட் எழுதுறவனுக்கு சர்வீஸ் பேக்ல என்ன இருக்குன்னு எங்க தெரியும், உங்கள மாதிரி வக்கீலுங்கதானே அதை எழுதறது. சரி, அந்த 14 மாசமும் கமிஷன் என்ன பண்ணிட்டிருந்துச்சு? அவங்க ஆபீஸ்ல ஒருத்தன்கூட கம்ப்யூட்டர தெறக்கலையா? வெளியாள் வந்து சொன்ன பிறகுதானே முழிச்சாங்க. பக்தான்.

கணக்குப்புள்ள: ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கப்பா. வேணும்னே செஞ்சாலும் சரி, அஜாக்கிரதையா விட்டாலும் சரி, அபராதம் போடலாம்னு ஐரோப்பிய ஒன்றியத்தோட 2003ம் வருஷ விதிமுறையிலயே இருக்கு. கம்பெனியோட உலக விற்றுமுதல்ல 10 சதவீதம் வரைக்கும் போகலாம், இவங்களுக்குப் போட்டது சுமார் ஒரு சதவீதம். பக்கா இல்லையாங்கிறதே இங்க கேள்வி இல்ல.

சட்டக்கத்திரி: பக் இல்லவே இல்ல. 14 மாசம்!

டெக்மாமா: பக்தான். அந்தக் காசு எங்க போச்சுன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்.

கணக்குப்புள்ள: ஐரோப்பிய ஒன்றிய பட்ஜெட்டுக்கு. அந்த அளவுக்கு உறுப்பு நாடுங்க கட்டுற பங்கு குறையும்.

டெக்மாமா: ஆக வசூல்! அதானே நானும் சொல்றேன். அதுவும் அமெரிக்கா கம்பெனியா பாத்து.

சட்டக்கத்திரி: அப்படியா? 2016ல லாரி கம்பெனிங்க 14 வருஷம் சேந்து விலை பேசிக்கிட்டதுக்கு 293 கோடி யூரோ போட்டாங்களே, டைம்லர், டாஃப், இவெகோ எல்லாம் டெக்ஸாஸ்காரனுங்களா? முதல்ல போட்டுக்குடுத்த மான் கம்பெனிய மட்டும் அபராதமில்லாம விட்டாங்க. இவருக்கு இதெல்லாம் தெரியாது, போன வருஷம் டீசல் கார் இழையிலயும் இப்படித்தான் பாதியில ஓடிட்டாரு.

டெக்மாமா: ஓடல, அன்னிக்கு என் மச்சினன் கல்யாணம். அதையும் அங்கேயே சொல்லிட்டுதான் போனேன், ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க.

ரைன்நதி: பாத்தேன். கல்யாணம்னு சொன்னதுக்கப்புறமும் மூணு பதிவு போட்டிருக்கீங்க மாமா.

சட்டக்கத்திரி: ஹாஹா. அதுவும் பக்கா? இன்னொண்ணு கேளுங்க, மைக்ரோசாஃப்ட் போர்டே 2012ல அப்ப தலைமை அதிகாரியா இருந்த பால்மரோட போனஸ் குறைஞ்சதுக்கு ஒரு காரணமா இந்தத் திரை விவகாரத்தையும் எழுதிச்சு. ஓனரே ஒத்துக்கிட்டான், வாடகைக்கு இருக்கிறவரு சண்டைக்கு வர்றாரு. ரிப்போர்ட்டுக்கு இன்னும் பதில் வரல. 2011 டிசம்பர். திரை இல்ல. ரிப்போர்ட்ல இருக்கு. எப்படி?

டெக்மாமா: போனஸ் குறைஞ்சது கவனிக்காம விட்டதுக்கு, திருட்டுத்தனத்துக்கு இல்ல. அப்புறம் "வாடகைக்கு"ன்னு என்னைச் சொன்னீங்களே, அதுக்கு முதல்ல மன்னிப்பு கேளுங்க, பிறகு ரிப்போர்ட்ட பேசலாம்.

சட்டக்கத்திரி: மன்னிப்பா? டெக்னிக்கல் தப்பு மாமா, சர்வீஸ் பேக்ல விட்டுப்போச்சு. 14 மாசம் கழிச்சு வாங்க.