மறு: கார்பைடைப் பிடித்து வைக்கும் உலோகத்துக்குப் பெயர் – ‘பிணையுலோகம்’ சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம்.

கடைசல் கருவிகளின் வெட்டும் முனைக்கு (டிப்) உதவும் டங்ஸ்டன் கார்பைடு மணிகளைச் சேர்த்துப் பிடித்து வைக்கும் உலோகத்தை ஆங்கிலத்தில் பைண்டர் என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் நாம் எழுதும் தமிழ் அகராதியில் அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. இந்த இழையில் இதுவரை வந்த பெயர்கள்: சிமெண்ட் உலோகம், பசை உலோகம், ஒட்டி, பிணைப்பான். முதல் இரண்டையும் இப்போதே ஓரம்கட்டிவிடலாம் என்பது என் கருத்து. சிமெண்ட் என்று எழுதினால் நம் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் செங்கல்லையும் மணலையும்தான் நினைப்பார்கள். பசை அதைவிட மோசம். ஏனென்றால் உலைக்குள் நடப்பது ஒட்டும் வேலையே இல்லை.

டங்ஸ்டன் கார்பைடுப் பொடியோடு கோபால்ட் என்ற உலோகத்தின் பொடியைச் சேர்த்து அரைத்து, அச்சில் அழுத்தி, வெற்றிட உலையில் ஏறத்தாழ 1400 டிகிரிக்குச் சூடேற்றுகிறார்கள். கார்பைடு அந்தச் சூட்டில் உருகாது, அதற்கு 2800 டிகிரி அளவில் வேண்டும். கோபால்ட் தனியாக இருந்தால் 1495 டிகிரியில்தான் உருகும். ஆனால் கொஞ்சம் டங்ஸ்டனும் கார்பனும் அதில் கரைந்துவிடுவதால் 1300 டிகிரிப் பக்கத்திலேயே நீர்மமாகிவிடுகிறது. அந்த நீர்மம் கார்பைடு மணிகளை முழுக்க நனைத்து, இடுக்கு இடுக்காகப் புகுந்து, மணிகளை ஒன்றையொன்று நெருங்க வைக்கிறது, துண்டே நீளவாக்கில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுருங்கிவிடுகிறது. சின்ன மணிகள் கரைந்து பெரிய மணிகளின் மேல் படிகின்றன. ஆறிய பிறகு மணிகளுக்கு நடுவே நிற்கும் அந்த மெல்லிய உலோகப் படலம்தான் விரிசலை ஓடவிடாமல் தடுக்கிறது. தான் பிடித்திருக்கும் பொருளையே கரைத்துத் திரும்பவும் படியவைக்கும் பசையை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

‘ஒட்டி’ நல்ல சொல், ஆனால் அது வேறொன்றுக்கு வேண்டும். அச்சில் அழுத்தும்போது பொடி உதிராமல் இருக்கப் பாரஃபின் மெழுகோ பாலிஎத்திலீன் கிளைக்காலோ கலப்பார்களே, தொழிலில் அதற்கும் பைண்டர் என்றுதான் பெயர். உலை சூடேறும்போதே அதை ஆவியாக்கி வெளியேற்றிவிடுவார்கள், கடைசிப் பொருளில் அது இருக்கவே கூடாது, தங்கினால் கார்பன் கணக்கே கெட்டுப்போகும். கோபால்டோ கடைசிவரை இருந்தாக வேண்டியது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஏன் குழப்பிக்கொள்ள வேண்டும்? மெழுகுக்குத் ‘தற்காலிக ஒட்டி’ என்று வைப்போம், உலோகத்துக்கு வேறு சொல் கொடுப்போம்.

அடுத்தது ‘பிணைப்பான்’. இதை முன்மொழிந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். ‘உலோகப் பிணைப்பான்’ என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பள்ளி வேதியியல் நூல்களில் அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு, உலோகப் பிணைப்பு என்று அணுக்களுக்கு இடையே உள்ள விசைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. உலோகப் பிணைப்பான் என்றதும் ஏதோ எலக்ட்ரான் சமாசாரம் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார்.

‘பிணைப்புலோகம்’ என்று ஒருவர் சேர்த்து எழுதிக் காட்டினார். புணர்ச்சி விதிப்படி தப்பே இல்லை. ஆனால் வாய்விட்டுப் படித்தால் ‘பிணைப்பு லோகம்’ என்று பூலோகம், மேலோகம் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இங்கே பாதிப்பேர் வளர்ந்த பிறகு தமிழ் எழுத்துக் கற்றவர்கள், கூட்டிக் கூட்டித்தான் படிப்பார்கள். அதனால்தான் ‘பிணையுலோகம்’ என்கிறேன். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, ‘உலோகம்’ உடையாமல் முழுசாகக் காதில் விழுகிறது. பிணை என்றால் ஜாமீன் ஆயிற்றே என்று டர்பன் மெர்பாங்க் அக்கா கேட்டார். இருக்கட்டுமே, நொறுங்கும் குணமுள்ள கார்பைடுக்குப் பொறுப்பேற்று நிற்கும் உலோகம் என்று வைத்துக்கொண்டாலும் பொருள் பொருந்தத்தானே செய்கிறது.

சரி, ‘கோபால்ட் என்றே எழுதிவிட்டால் என்ன, எதற்குப் பொதுச்சொல்’ என்ற கேள்விக்கு வருகிறேன். 1923இல் பெர்லினில் ஓஸ்ராம் நிறுவனத்தின் கார்ல் ஷ்ரோட்டர் காப்புரிமை கேட்ட நாளிலிருந்து கோபால்ட்தான் இந்தத் தொழிலில் ராஜா, அதை மறுக்கவில்லை. ஆனால் உலகத்தில் சுரங்கத்திலிருந்து வரும் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் காங்கோ ஒரே நாட்டிலிருந்து வருகிறது. 1978இல் அந்த நாட்டின் சுரங்க நகரமான கொல்வேசியில் சண்டை மூண்டபோது விலை எகிறியது. 2025 பிப்ரவரியில் காங்கோ அரசே ஏற்றுமதியை நிறுத்தி, அக்டோபரில் ஒதுக்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. இது நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை. அந்தச் சரக்கில் ஒரு பகுதி லாரிகளில் ஜாம்பியா வழியாக இறங்கி நம் டர்பன் துறைமுகத்தில்தான் கப்பலேறுகிறது. அப்புறம் நுரையீரல் விஷயம். டங்ஸ்டன் கார்பைடோடு சேர்ந்த கோபால்ட் தூசு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்க வாய்ப்புள்ளது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2006இல் வகைப்படுத்தியிருக்கிறது. சாணை பிடிக்கிற பட்டறைக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்குப் புரிகிற தமிழில் எழுதத்தானே இந்த அகராதி வேலையே.

ஆக, மாற்று தேடுகிறார்கள். நிக்கல் கார்பைடை நன்றாக நனைக்கும், அரிப்பைக் கோபால்ட்டைவிட நன்றாகத் தாங்கும். பம்புகளின் சீல் வளையங்களில் நிக்கல் வகைக் கார்பைடு வெகுநாளாகவே இருக்கிறது. ஆனால் கோபால்ட் அடிபட அடிபட இறுகுகிற அளவுக்கு நிக்கல் இறுகாது, கடினமும் குறைவு. உடல்நலக் காரணத்துக்காக நிக்கலுக்குத் தாவுகிறோம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன், நிக்கலும் சுத்தமான பிள்ளை இல்லை. இரும்பு மலிவு, ஆனால் கார்பன் அளவில் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்காது. கார்பன் சற்றே குறைந்தால் ஈட்டா என்ற நொறுங்கும் சேர்மம் உண்டாகும், கூடினால் கிராஃபைட் பிரிந்து நிற்கும். கோபால்ட்டிலும் இந்த இரண்டு ஆபத்தும் உண்டு, ஆனால் நடுவில் நிற்க இடம் அதிகம். இரும்போடு நிக்கல் சேர்த்தால் அந்த இடம் அகலமாகிறது, நிக்கல் அளவை மாற்றிக் கடினத்தையும் ஓரளவு கூட்டிக் குறைக்கலாம். எனக்கு நம்பிக்கை இந்த இரும்பு-நிக்கல் வரிசையில்தான். மாங்கனீஸ் வெற்றிட உலையில் ஆவியாகிப் பறந்துவிடும். ஐந்து உலோகங்களைக் கிட்டத்தட்டச் சம அளவில் கலக்கும் புதுக் கலவைகளைப் பற்றிக் கட்டுரைகள் குவிகின்றன. பட்டறைக்கு வரட்டும், பார்ப்போம்.

ருத்தீனியம் என்ற உலோகத்தை விட்டுவிட்டால் இந்த நாட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நம் புஷ்வெல்ட் பாறையில் பிளாட்டினத்தோடு சேர்ந்து வருவது. ஜோகன்னஸ்பர்க்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தார் இதைக் கோபால்ட்டோடு சிறிதளவு சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் கவனியுங்கள், அது கோபால்ட்டுக்குத் துணை, கோபால்ட்டை வெளியேற்றவில்லை.

இங்கேதான், மாற்று உலோகம் போட்டவற்றுக்கெல்லாம் ‘கோபால்ட் இல்லாக் கார்பைடு’ என்று பெயர் வைக்கலாம் என்ற முன்மொழிவு சறுக்குகிறது. இரும்பு-கோபால்ட்-நிக்கல் கலவையில் கோபால்ட்டும் ஒரு பங்காக நிற்கிறது, ருத்தீனிய வகையில் பெரும்பங்கே அதுதான். இவற்றையும் இல்லாக் கணக்கில் எழுதினால் பொய்யாகிவிடும். அதனால் பொதுவாக ‘மாற்றுப் பிணையுலோகம்’ என்று வைத்து, அதற்குள் ‘கோபால்ட் குறைத்தது’, ‘கோபால்ட் அற்றது’ என்று பிரித்துக்கொள்ளலாம். ‘பதிலி’ வேண்டாம். பதிலி என்றால் கோபால்ட் லீவில் போயிருக்கிறது, திரும்பி வரும் என்ற தொனி வருகிறது.

முழுப் பொருளுக்கு ஜெர்மன் வழக்கைப் பின்பற்றிக் ‘கடின உலோகம்’ என்று ஒருவர் சொன்னார். அதில் கடினமானது கார்பைடு, உலோகம்தான் மென்மையான பங்கு, பெயர் தலைகீழாக நிற்கும். ‘பிணைத்த கார்பைடு’ போதும். எழுதிப் பார்க்க ஒரு வரி: “இந்த டிப், நிக்கலைப் பிணையுலோகமாகக் கொண்ட பிணைத்த கார்பைடு.” கொஞ்சம் நீளம்தான், ஆனால் டர்பனில் ஜேக்கப்ஸ் பக்கம் கடைசல் பட்டறையில் நிற்கிறவரிடம் வாசித்துக் காட்டினால் விளங்கும்.

‘உலோகம்’ வேண்டாம், ‘மாழை’ போடுங்கள் என்கிற தனித்தமிழ் அன்பர்கள் ‘பிணைமாழை’ என்று அடைப்புக்குறியில் சேர்த்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. முதல் சொல்லாக வைக்க மட்டும் ஒப்பமாட்டேன். ஈட்டாவுக்கும் தமிழ்ப் பெயர் வேண்டும் என்று கேட்டவருக்கு: அது வெறும் கிரேக்க எழுத்து, அப்படியே விட்டுவிடலாம், இல்லையென்றால் ஆல்பாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.