விலை குறைந்த ஏர் பம்ப்: அதில் இருக்கும் மீட்டரை நம்பலாமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கோத்தகிரியான்

குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே, ராத்திரி நேரம். பின் டயரில் ஆணி. பலாப்பழ சீசன் வேறு. அந்த ரோட்டில் அந்த நேரத்தில் வண்டியை விட்டு இறங்குவது எப்படி இருக்கும் என்று யானை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும். ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப் சொருகிவிட்டு, ஆன்லைனில் வாங்கிய முள் மீட்டர் வைத்த சின்ன பம்பை மாட்டினேன். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் முள் கிடுகிடுவென 33 psi-க்கு (டயர் காற்றழுத்தத்தின் அளவு) போய் நின்று நடுங்குகிறது. டார்ச்சைக் கீழே அடித்தால் டயரின் வயிறு இன்னும் தார் ரோட்டில் பிதுங்கிக் கிடக்கிறது. பம்பை நிறுத்தினேன். முள் 24-க்கு விழுந்தது. மறுபடி ஓடவிட்டால் மறுபடி 33.

எப்படியோ வீடு வந்து சேர்ந்தோம். ஆனால் அந்த முள் எதை அளந்து 33 காட்டியது என்பது இன்னும் மண்டையைக் குடைகிறது. உங்கள் பம்புகளும் இப்படித்தானா?

மஞ்சூர் பிக்கப்

அண்ணா, அது பொய் சொல்லவில்லை. மோட்டார் ஓடும்போது மீட்டர் காட்டுவது ஓஸுக்குள் இருக்கும் அழுத்தத்தை. ஓஸ் மெல்லிசு, வால்வ் ஓட்டை அதைவிடச் சின்னது, காற்று அங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது. நிறுத்திய பிறகு காட்டுவதுதான் டயர். அதற்காக மீட்டர் மேல் பழி போடாதீர்கள்.

என் ஆத்திரம் பிளக் மேல்தான். கேரட் லோடோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற வழியில், காட்டேரி பக்கம், மூடுபனி. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகிக் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே பிளாஸ்டிக் தீய்ந்த வாசனை. பிடுங்கிப் பார்த்தால் பிளக்கின் முனை இளகி வளைந்திருக்கிறது. மோட்டார் 12 வோல்ட்டில் 10, 15 ஆம்பியர் இழுக்கும். அதற்கு நூல் மாதிரி ஒயர் போட்டு விற்கிறார்கள். பெரிய டயர் வைத்திருப்பவர்கள் பேட்டரியில் நேரே கவ்வும் கிளிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பெருமாள்மலை

நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும், சரி. ஆனால் "மீட்டர் மேல் பழி போடாதீர்கள்" என்பதை அப்படியே ஏற்க முடியாது. ஓட்டத்துக்கும் நிறுத்தத்துக்கும் இரண்டு மூன்று psi வித்தியாசம் என்றால் புரிகிறது. ஒன்பது என்றால் அந்த ஓஸையும், டயர் வால்வில் மாட்டும் மூக்கையும் செய்தவன் கவனமாகச் செய்யவில்லை. இருட்டில் அவசரமாக நிற்பவர் 33-ஐப் பார்த்துவிட்டுக் கிளம்பியிருந்தால்?

என் கதை வேறு. வத்தலகுண்டில் மத்தியான வெயிலில் 33 வைத்துக்கொண்டு மலை ஏறினேன். மறுநாள் காலை, கொடைக்கானல் குளிரில், என் டிஜிட்டல் பம்ப் 32 காட்டியது. கூட வந்த மச்சான், "மேலே போனால் காற்றழுத்தம் குறையும், மீட்டர் ஏறித்தானே காட்டணும்? இது டூப்ளிகேட்" என்று தூக்கிப் போடச் சொன்னார். அவர் சொன்னதில் பாதி சரி. மீட்டர் காட்டுவது டயருக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கீழே இருப்பதைவிட இரண்டரை psi-க்கு மேல் குறைவு, அந்த அளவுக்கு மீட்டர் கூடத்தான் காட்டும். ஆனால் 35 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு வந்த டயர் கிட்டத்தட்ட 4 psi இழக்கும். கூட்டிக் கழித்தால் ஒன்று குறைய வேண்டும். அந்த மலிவு பம்ப் அதைத்தான் காட்டியது! இன்னும் அதையே வைத்திருக்கிறேன்.

கல்லட்டி ரைடர்

காரைப் பற்றியே பேசுகிறீர்கள். பைக்குக்கு இந்த பம்புகளில் பெரிய தொல்லை, திருகிக் கழற்றும் மூக்கு. முன் டயருக்கு 25 வைத்துவிட்டு ஓஸைக் கழற்றினால், கடைசித் திருகு வரை புஸ்ஸென்று போய்க்கொண்டே இருக்கிறது. தலைக்குந்தா தாண்டி இறக்கத்தில் இறங்கும்போதே ஹேண்டில் கனமாக இருந்தது. 36 கொண்டை ஊசி வளைவிலும் ஒவ்வொன்றாக வண்டியைத் தள்ளித் திருப்புகிற மாதிரி இறங்கினேன். கீழே மசினகுடியில் வேறொரு மீட்டரில் பார்த்தபோது 21. ஓடி வந்த சூட்டில் கூடியிருக்க வேண்டிய டயர் அது. பைக் டயரில் இருக்கும் காற்றே கொஞ்சம்தான், அதில் ஒரு புஸ் என்பது பெரிய நஷ்டம். லீவரை மடக்கிப் பூட்டும் மூக்கு இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஊட்டி டாக்சி

எல்லோரும் சொன்னதைப் படித்தேன். பர்லியாறில் ஒரு டூரிஸ்ட் வண்டிக்காரர் சூடான டயரில் மீட்டர் வைத்து, 38 காட்டுகிறதே என்று காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். பிரேக் மிதித்தே இறங்கியிருக்கிறார், ரிம்மில் கை வைக்க முடியவில்லை. தடுப்பதற்குள் நாலு டயரிலும் இறக்கிவிட்டார். அந்த டயர்கள் ஆறிய பிறகு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை. நல்ல மீட்டரே ஆனாலும் டயர் ஆறி இருக்கும்போது பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவும் ஆறிய டயருக்கானதுதான்.

தம்பிகள் கேட்கவில்லை என்றாலும் பம்ப் எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லிவிடுகிறேன். டப்பாவில் 150 psi என்று போட்டிருப்பதைப் பார்க்கவே பார்க்காதீர்கள். கார் டயருக்கு 35 போதும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளும் என்பதுதான் விஷயம். அது போடவே இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அப்புறம் பம்போடு வரும் புத்தகத்தில் எத்தனை நிமிடம் ஓட்டலாம், எத்தனை நிமிடம் ஆறவிட வேண்டும் என்று இருக்கும். நம் ஊரில் காற்றே மெல்லிசு, 2,240 மீட்டரில் அதே பம்ப் அதே டயரை நிரப்பக் கீழே எடுப்பதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். கோயம்புத்தூரில் தாங்கும் மோட்டார் இங்கே சூடேறிப் படுத்துவிடும். சிலிண்டர் உலோகமா என்று கையில் தூக்கிப் பாருங்கள், கனம் சொல்லிவிடும். சார்ஜ் போடும் வகை என்றால் டிசம்பர், ஜனவரி பனியில் ராத்திரி காருக்குள் விடாதீர்கள், குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும்.

மீட்டருக்கு ஒரே சோதனை. ஒரு நல்ல பேனா மீட்டர் தனியாக வாங்குங்கள். காலையில், வண்டி எடுக்கும் முன், ஒரே டயரில் இரண்டையும் மாற்றி மாற்றி வையுங்கள். பம்ப் எப்போதும் 2 கூடக் காட்டினால் குடிமுழுகிப் போகாது, கழித்துக்கொள்ளலாம். ஒரு தடவை 2 கூட, அடுத்த தடவை 3 குறைவு என்று காட்டினால் திருப்பி அனுப்புங்கள். பங்க்கில் இருக்கும் மீட்டரோடு ஒப்பிடாதீர்கள். நாள் முழுக்க தரையில் விழுந்து அடிபடும் சாமான் அது.

மஞ்சூர் பிக்கப்

பங்க் மீட்டர் எல்லாமே மோசம் என்று சொல்லாதீர்கள் அண்ணா. நான் வழக்கமாக நிறுத்தும் பங்க்கில் இருப்பது என் பேனா மீட்டரோடு அரை psi கூட மாறியதில்லை.

கோத்தகிரியான்

டாக்சி அண்ணா சொன்னபடி இன்று காலை பேனா மீட்டரோடு வைத்துப் பார்த்தேன். நிறுத்திவிட்டுப் பார்த்தால் பம்ப் ஒன்றரை கூடக் காட்டுகிறது, எத்தனை முறை வைத்தாலும் அதே ஒன்றரைதான். மீட்டர் தேறிவிட்டது. ஓஸ்தான் தேறவில்லை, வளையும் இடத்தில் உள்ளே மடங்கி ஒட்டிக் கிடக்கிறது. அதை மட்டும் மாற்ற முடியுமா? பேட்டரி கிளிப் ஒயரும் தனியாகக் கிடைக்குமா?

ஊட்டி டாக்சி

இரண்டும் கிடைக்கும் தம்பி. ஓஸ் பங்சர் கடையில் மூக்கோடு சேர்த்தே போட்டுத் தருவார்கள், பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், மரை ஒத்துப்போக வேண்டும். கிளிப் ஒயர் ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் கேளுங்கள், நடுவில் ஃபியூஸ் வைத்துத் தரச் சொல்லுங்கள்.